286 மில்லி: அப்ரோட்டினின் என்ற மருந்துக்கு நடந்தது

இதய அறுவையில் தியேட்டர் முழுக்க வாயை மூடிக்கொண்டு நிற்கும் நேரம் ஒன்று உண்டு. இதய-நுரையீரல் இயந்திரத்தை நிறுத்தியாயிற்று. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் என்ற மருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. அறுவை மருத்துவர் நெஞ்சுக்குள் துணிகளைத் திணித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஐந்து நிமிடம் கழித்துத் துணியை எடுக்கும்போது வெறும் ஈரமாக இருந்தால் நல்லது. சிவப்பாக ஊறியிருந்தால், அதுவும் இன்ன தையலிலிருந்துதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் எல்லாப் பக்கமும் கசிந்துகொண்டிருந்தால், அவர் பார்வை திரைக்கு இந்தப் பக்கம் நிற்கும் மயக்க மருத்துவரிடம்தான் வரும்.

"இன்னும் ஊறுதே. ஏசிடி எவ்வளவு?"

"122 சார்."

"அப்புறம் எதுக்கு ஊறுது?"

ஏசிடி என்பது ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்ற அளவீடு; 122 என்றால் ஹெப்பாரின் முறிந்துவிட்டது என்று பொருள். 1987-லிருந்து 2007 வரை, இருபது வருடம், 'அப்புறம் எதுக்கு ஊறுது' என்ற கேள்விக்கு எங்கள் துறையில் ஒரு பதில் இருந்தது. அதன் பெயர் அப்ரோட்டினின். இந்த நிகழ்வு ஆய்வில் நோயாளி அந்த மருந்துதான். எந்த அளவீடு அதைத் தூக்கி நிறுத்தியது, எந்த அளவீடு கவிழ்த்தது என்று பார்க்கப் போகிறோம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு ரத்தம் போனது என்று இருபது வருடம் கேட்டோம். ஆள் பிழைத்தாரா என்று கேட்டுப் பதில் வாங்குகிற அளவுக்குப் பெரிய ஆய்வை நேரத்தோடு நடத்தவில்லை. கடைசியில் அந்தப் பதில் வந்தபோது அதையும் முழுசாக நம்ப முடியாதபடி ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் நடுவில் புகுந்திருந்தது.

குழாயில் ஓடும் ரத்தம்

இயந்திரத்தில் இருக்கும் நேரம் முழுக்க ரத்தம் பிளாஸ்டிக் குழாய்களிலும் ஆக்சிஜனேட்டரின் இழைகளிலும் உரசிக்கொண்டு சுற்றுகிறது. உடலின் கணக்கில் அது ஒரு மாபெரும் காயம். உறைய வைக்கும் ஏற்பாடு முழுவதும் விழித்துக்கொள்கிறது. ஹெப்பாரின் அதன் பின்படிகளில் நின்று தடுக்கிறது. கரைக்கும் ஏற்பாடும் கூடவே எழுந்துவிடுகிறது. பிளாஸ்மின் என்ற நொதி உறைவைக் கட்டி வைக்கும் ஃபைப்ரின் வலையை அறுக்கிறது, தட்டணுக்கள் களைத்துப்போகின்றன, இயந்திரத்தில் நிரப்பிய திரவம் கலந்து ரத்தமே நீர்த்துப்போகிறது. ஹெப்பாரினை முறித்த பிறகும் ஊறுவது இதனால்தான். ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சைத் திறந்தவர் என்றால் ஒட்டிக்கிடப்பதைப் பிரித்த இடமெல்லாம் கசியும். மகாதமனி வளைவு அறுவைக்காக உடலைக் கடுமையாகக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே நிறுத்தியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அப்ரோட்டினின், மாட்டின் நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்த சிறு புரதம். மொத்தமே 58 அமினோ அமிலங்கள். பிளாஸ்மின், கல்லிக்ரீன், டிரிப்சின் போன்ற நொதிகளின் வாயை அடைத்துவிடும். 1930-களிலேயே தெரிந்த பொருள்தான். டிராசிலால் என்ற பெயரில் பேயர் நிறுவனம் விற்றது. கணைய அழற்சிக்கு நெடுநாள் கொடுத்துப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை.

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் டேவிட் ராய்ஸ்டன் என்ற மயக்க மருத்துவரும் கூட்டாளிகளும் இதைக் கையில் எடுத்தபோதுகூட அவர்கள் மனத்தில் இருந்தது நுரையீரல்தான். இயந்திரத்திலிருந்து இறங்கியவர்களுக்கு நுரையீரல் வீங்கி அடைபடுவதற்குக் கல்லிக்ரீன் ஒரு காரணமாக இருக்கலாம், பெரிய அளவில் தடுப்பு மருந்து கொடுத்தால் நுரையீரல் தப்பிக்கலாம் என்று நினைத்தார்கள். கொடுத்தார்கள். நெஞ்சுக்கூடு காய்ந்து கிடந்ததை அறுவை மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆராய்ச்சி அங்கிருந்து தடம் மாறியது. மறு அறுவைக்கு வந்த 22 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மருந்து பெறாதவர்கள் இழந்த ரத்தம் சராசரியாக 1,509 மில்லி; மருந்து பெற்ற 11 பேர் இழந்தது 286 மில்லி. 1987-ல் லான்செட் இதழில் வெளியானது. அதே ஆண்டில் நெதர்லாந்திலிருந்து வான் ஓவரன் குழுவும் இதே போக்கைக் காட்டியது.

அந்த 286 என்ற எண்ணுக்கு ஒரு வசியம் இருந்தது. ஒன்றரை லிட்டர் என்பது பெரியவர் ஒருவர் உடலிலுள்ள ரத்தத்தில் பத்தில் மூன்று பங்கு. 286 மில்லி ரத்த தானத்தில் ஒருவர் கொடுப்பதைவிடக் குறைவு. எந்தப் புள்ளியியலும் தெரியாதவருக்குக்கூட வடிகுழாய்ப் பாட்டிலைப் பார்த்தால் புரிந்துவிடும். எங்கள் தொழிலில் இப்படிக் கண்ணுக்கு எதிரே வேலை செய்து காட்டும் மருந்து அபூர்வம். ரத்த அழுத்த மருந்துகளைத் தவிர மற்றதெல்லாம் நம்பிக்கையின் பேரில்தான் கொடுக்கிறோம் என்று நானே சில நாள் நினைத்ததுண்டு.

பயிற்சிக் காலத்தில் நான் இதைக் கலந்திருக்கிறேன். மில்லிக்கு 10,000 அலகு. ஹேமர்ஸ்மித் அளவு என்றால் நோயாளிக்கு 20 லட்சம் அலகு, அதாவது 200 மில்லி. இயந்திரத்துக்குள் இன்னொரு 20 லட்சம். பிறகு மணிக்கு 5 லட்சம் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் சோதனை அளவாக ஒரே ஒரு மில்லி. அந்த ஒரு மில்லியைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கடிகாரத்தையும் அழுத்தக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பக்கத்தில் அட்ரினலின் நிறைத்த சிரிஞ்ச் தயாராக இருக்கும். மாட்டுப் புரதம் அல்லவா, முன்பு ஒருமுறை வாங்கிய உடம்பு அதை அடையாளம் வைத்திருக்கும். ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை வந்ததாக 248 மறுபயன்பாடுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 1997-ல் சொன்னது. மறு அறுவைக்கு வருபவர்கள்தான் மிகுதியாக ரத்தம் இழப்பவர்கள், அவர்களுக்குத்தான் இந்த மருந்து வேண்டும், முதல் அறுவையில் இதை வாங்கியிருக்க வாய்ப்புள்ளவர்களும் அவர்களேதான். எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்தவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். இயந்திரத்தோடு இணைக்கும் குழாய்களைப் பொருத்தி முடியும்வரை பெரிய அளவை ஆரம்பிக்க விடமாட்டார். "இது கவிழ்த்தா பம்புல ஏறிடலாம்" என்பார்.

64 முறை கேட்ட கேள்வி

1993 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. அதற்கு முன்பும் பின்பும் ஆய்வுகள் வரிசை கட்டி வந்தன. 1987-க்கும் 2002-க்கும் இடையில் அப்ரோட்டினினைச் சீரற்ற ஒதுக்கீட்டில், அதாவது யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல்போல் முடிவு செய்து, சோதித்து, ரத்தம் ஏற்றுவது குறைகிறதா என்று பார்த்த 64 ஆய்வுகளை ஃபெர்குசன் குழு 2005-ல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கூட்டிப் பார்த்தது. 1992 ஜூனில் வெளியான 12-வது ஆய்வோடு விடை நிலைத்துவிட்டது: மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டால் ரத்தம் ஏற்ற நேரும் வாய்ப்பு விகிதம் 0.25. அதற்குப் பிறகு வந்த 52 ஆய்வுகளும் அந்த எண்ணை அசைக்கவில்லை.

எனக்கு இதில் உறுத்துவது வேறொரு வரி. பின்னால் வந்த ஆய்வாளர்கள் தங்களுக்கு முன் வந்த ஆய்வுகளில் நடுமதிப்பாக 20 சதவீதத்தைத்தான் மேற்கோள் காட்டியிருந்தார்கள். மற்றவற்றைப் படிக்கவில்லையோ, படித்தும் குறிப்பிடவில்லையோ. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானோர் 1992-க்குப் பிறகும் மருந்து தராத பிரிவில் விழுந்து ரத்தம் இழந்தார்கள், விடை தெரிந்த கேள்விக்காக. அவர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தில், இது ஏற்கெனவே பன்னிரண்டு முறை நிரூபித்ததுதான் என்று யார் எழுதியிருப்பார்கள்?

இவ்வளவு ஆய்வுக்குப் பிறகும் மரணத்தைப் பற்றி யாரும் உறுதியாகப் பேச முடியவில்லை. காரணம் வெறும் கணக்கு. அந்த 64 ஆய்வுகளில் மிகப்பெரியது 1,784 பேர் கொண்டது. அது நடுமதிப்பு ஆய்வைப்போல் 28 மடங்கு. அப்படியானால் நடுமதிப்பு ஆய்வில் இருந்தவர்கள் 64 பேர். ஒரு மருந்து மரணத்தை 3 சதவீதத்திலிருந்து 4 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 80 சதவீதத் திறனோடு, அதாவது ஐந்தில் நான்கு முறை தவறாமல், அதைக் கண்டுபிடிக்க ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 5,300 பேர் வேண்டும். 64 பேரை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு பக்கத்தில் ஒருவர் இறப்பார், மறுபக்கத்தில் ஒருவரும் இறக்க மாட்டார், 'மரணத்தில் வேறுபாடு இல்லை' என்று எழுதி முடித்துவிடலாம். அப்படித்தான் எழுதினார்கள். 'வேறுபாடு இல்லை' என்பதற்கும் 'வேறுபாட்டைப் பார்க்கும் கண் எங்களுக்கு இல்லை' என்பதற்கும் உள்ள இடைவெளியில் இருபது வருடம் ஓடிவிட்டது.

ரத்தத்தை ஏன் அளந்தார்கள் என்பதும் புரியாத விஷயமல்ல. பாட்டிலில் கோடு போட்டிருக்கிறது. 24 மணி நேரத்தில் எண் கிடைத்துவிடும். 60 பேரை வைத்தே முடிவு காட்டலாம், ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வேட்டுக் காலத்துக்குள் முடித்துவிடலாம். நானும் அப்படி ஒன்று செய்தவன்தான். வேறு மருந்து, அதே பாட்டில்.

எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1993-ல் சண்ட் குழு, உடலைக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தை நிறுத்திச் செய்த மகாதமனி அறுவைகளில் அப்ரோட்டினின் பெற்ற 20 பேரின் விவரத்தை வெளியிட்டது. 13 பேருக்குச் சிறுநீரகம் பாதித்திருந்தது. வயது பொருத்தி எடுத்த பழைய ஒப்பீட்டுக் குழுவில் 20-க்கு ஒருவர். இறந்த சிலரின் உடற்கூறாய்வில் பல உறுப்புகளின் நுண்குழாய்களில் உறைவு கிடந்தது. ரத்தத்தை நிறுத்துகிற மருந்து வேண்டாத இடத்திலும் நிறுத்துகிறதா? உடனே வந்த மறுமொழி: மருந்தைக் குற்றம் சொல்லாதீர்கள், ஹெப்பாரின் போதாமல் போயிருக்கும்.

குழாயும் களிமண்ணும்

ஹெப்பாரின் போதுமா என்று எப்படித் தெரியும்? ஏசிடி பார்ப்போம். இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து, உறைவைத் தூண்டும் ஒரு பொடி போட்ட குழாயில் விட்டு, குலுக்கி, கருவிக்குள் செருகுவோம். உள்ளே ஒரு சிறு காந்தம் இருக்கும். ரத்தம் உறைந்து காந்தம் சிக்கி நகரும்போது கருவி கூவும், வினாடி எழுதிக்கொள்வோம். சாதாரணமாக 100-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கிலோவுக்கு 300 முதல் 400 அலகு ஹெப்பாரின் போட்டால் ஏறும். 480 தாண்டினால்தான் இயந்திரத்தை ஓட்டலாம் என்பது பரவலான வழக்கம். இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் அந்த எண்ணை உரக்கச் சொல்லும்வரை யாரும் கிளாம்ப்பைத் தொட மாட்டார்கள்.

குழாயில் போடும் பொடி இரண்டு வகை. ஒன்று செலைட் என்ற மண். மற்றது கயோலின் என்ற வெண்களிமண். ஹெப்பாரின் மட்டும் இருக்கும் ரத்தத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்ளும். அப்ரோட்டினின் கலந்தால் கதை மாறும். கயோலின் அந்தப் புரதத்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்வதால் எண் அவ்வளவாகக் கெடாது. செலைட் குழாயிலோ அப்ரோட்டினினே உறைவைத் தாமதப்படுத்திவிடும். எண் 480 காட்டும், ஆனால் அதில் ஒரு பங்கு ஹெப்பாரினுடையது அல்ல. பார்ப்பவர் போதும் என்று விட்டுவிடுவார். நோயாளி உண்மையில் குறைந்த ஹெப்பாரினோடு இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழியாகப் புதிதாகத் தைத்த ஒட்டுக்குழாயில் உறைவு கட்டலாம்.

இதனால்தான் செலைட் என்றால் 750 வினாடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள், கயோலின் என்றால் 480 போதும் என்ற அறிவுரை வந்தது. எங்கள் தியேட்டரில் இந்த இரண்டு எண்ணையும் கருவியின் தலையில் பிளாஸ்திரி ஒட்டி எழுதி வைத்திருந்தார்கள். ஒருநாள் கயோலின் குழாய் தீர்ந்து, ஸ்டோரிலிருந்து செலைட் பெட்டி வந்தது. குழாய் மாறியதை யாரும் சொல்லவில்லை. 510 என்று படித்துவிட்டு ஓட ஆரம்பித்த பிறகு, காலிப் பெட்டியைத் தூக்கிப் போடப் போன டெக்னீஷியன்தான் "மேடம், இது வேற" என்றார். உடனே கூடுதல் ஹெப்பாரின் போட்டோம். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் அந்த எண்ணை நம்பித்தான் இருந்திருப்பேன்.

1998-ல் ஆல்டர்மன் குழு 870 பேரை எடுத்து, அறுவைக்குப் பிறகு ஒட்டுக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று ஆஞ்சியோகிராம் செய்தே பார்த்தது. சிரை ஒட்டு அடைபட்டவர்கள்: அப்ரோட்டினின் பிரிவில் 15.4 சதவீதம், வெற்று மருந்துப் பிரிவில் 10.9. பயமுறுத்தும் எண்தான். ஆனால் அமெரிக்க மையங்களை மட்டும் பிரித்தால் 9.4-க்கு 9.5, ஒன்றுமே இல்லை. வேறுபாடு முழுக்க டென்மார்க், இஸ்ரேல் மையங்களிலிருந்து வந்தது. மருந்தைப் போலவே தியேட்டர் பழக்கமும் முடிவை ஆட்டிவைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

2006

2006 ஜனவரி இறுதியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மங்கானோ குழுவின் தாள் வந்தது. 4,374 பேர். இது சீரற்ற ஒதுக்கீடு அல்ல. எந்த மருந்து கொடுப்பது என்பதை அவரவர் மருத்துவரே முடிவு செய்திருந்தார், ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவு மட்டும் செய்தார்கள். அப்ரோட்டினின் 1,295 பேர், ரத்தக்கசிவைக் குறைக்கும் வேறு இரண்டு மருந்துகளான அமினோகாப்ராயிக் அமிலம் 883, ட்ரனெக்ஸாமிக் அமிலம் 822, எதுவும் பெறாதவர்கள் 1,374. அப்ரோட்டினின் பெற்றவர்களிடம் டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரகச் செயலிழப்பு இரு மடங்கு என்றது தாள். மாரடைப்பு அல்லது இதயச் செயலிழப்பு 55 சதவீதம் கூடுதல், பக்கவாதம் முதலான மூளைப் பாதிப்பு 181 சதவீதம் கூடுதல். அடுத்த ஆண்டு வந்த தொடர்ச்சியில் ஐந்தாண்டு மரணம் 20.8 சதவீதம், மருந்தே பெறாதவர்களிடம் 12.7.

உணவு இடைவேளைகளில் பேச்சு முழுக்க இதுதான். ஆதரித்தவர்களின் வாதம் எளிது: கஷ்டமான நோயாளிக்குத்தான் அப்ரோட்டினின் கொடுக்கிறோம், கஷ்டமான நோயாளிதான் சாவார், மருந்து என்ன செய்யும்? இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆய்வாளர்கள் வயது, சிறுநீரகம், அறுவை வகை என்று பலவற்றையும் கணக்கில் எடுத்துச் சமன் செய்திருந்தார்கள். ஆனால் 'இந்த ஆளைப் பார்த்தால் எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை' என்ற மருத்துவரின் உள்ளுணர்வு எந்தப் படிவத்திலும் ஏறாது. அந்த உள்ளுணர்வுதான் அலமாரியிலிருந்து அப்ரோட்டினினை எடுக்க வைத்தது.

மறுபக்கமும் வெறுங்கையாக இல்லை. இந்தப் புரதம் சிறுநீரக வடிகட்டியில் இறங்கி, நுண்குழல்களின் தொடக்கப் பகுதிச் செல்களில் போய்த் தங்குகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் சற்று ஏறுவதை நாங்களே பார்த்திருக்கிறோம், 'தானாக இறங்கிவிடும்' என்று சொல்லிக்கொண்டே.

2006 செப்டம்பர் 21 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடி, மருந்து தொடரலாம் என்றது. கூட்டம் முடிந்து ஒரு வாரத்தில் வேறொன்று வெளியே வந்தது. பேயர் நிறுவனமே பணம் கொடுத்து 67,000 நோயாளிகளின் ஆவணங்களை ஆராயச் சொல்லியிருந்தது. அதன் முதல்கட்ட முடிவு மரணமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுவதாகக் காட்டியது. அது கையில் இருந்தும் ஆலோசனைக் குழுவின் முன் வைக்கப்படவில்லை. அதில் பங்கேற்ற ஓர் ஆராய்ச்சியாளர் சொல்லித்தான் நிர்வாகத்துக்குத் தெரிந்தது. 29-ம் தேதி அது பொது அறிவிப்பாக வந்தது. அதுவரை நடந்த வாதம் புள்ளியியல் வாதமாக இருந்தது. இதற்குப் பிறகு எங்களில் பலருக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. மருந்தின் பக்கம் நியாயமே இருந்திருந்தாலும் அதைக் கேட்கும் காது இனி இல்லை.

பார்ட் ஆய்வு

கனடாவின் 19 மையங்களில் அப்போது ஓர் ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது, பார்ட் என்ற பெயரில். வெற்று மருந்தோடு ஒப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டு, அப்ரோட்டினினை அதே இரண்டு மலிவான மருந்துகளோடு நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு அது. யாருக்கு எது என்று தெரியாதபடி, அபாயம் மிகுந்த அறுவைகளில். ஏறத்தாழ 3,000 பேர் என்று திட்டம். 2007 அக்டோபரில், அப்ரோட்டினின் பிரிவில் மரணம் கூடுவதாகத் தெரிந்ததும் நிறுத்தினார்கள். நவம்பர் 5 அன்று பேயர் உலகெங்கும் விற்பனையை நிறுத்திவைத்தது. முழுத்தாள் 2008 மே மாதம் வந்தது. 2,331 பேர்.

கடும் ரத்தக்கசிவு: அப்ரோட்டினின் 9.5 சதவீதம், மற்ற இரண்டும் தலா 12.1. முப்பது நாளில் மரணம்: அப்ரோட்டினின் 6.0, ட்ரனெக்ஸாமிக் 3.9, அமினோகாப்ராயிக் 4.0.

இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ரத்தம் குறைவாகப் போனவர்கள் கூடுதலாக இறந்தார்கள். இருபது வருடம் முதல் வரியை மட்டும் 64 முறை அளந்தோம். பார்ட் ஆய்விலும்கூட முதன்மை அளவீடு கடும் ரத்தக்கசிவுதான். மரணம் இரண்டாம் நிலை. நிறுத்த வைத்தது என்னவோ அந்த இரண்டாம் நிலைதான். ஒப்பீட்டு அபாயம் 1.53, நம்பக எல்லை 1.06 முதல் 2.22 வரை. அதாவது அபாயம் கிட்டத்தட்ட மாறாமலும் இருக்கலாம், இரு மடங்குக்கு மேலும் இருக்கலாம்.

மருந்துக்கு எதிரான தீர்ப்பு என்று எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கலக்கி வைத்த பாட்டில் இருந்த அலமாரித் தட்டில் வேறு மருந்து வந்துவிட்டது.

2011-ல் கனடாவின் சுகாதாரத் துறை மறுபடி எடுத்துப் பார்த்தது. ஒதுக்கீடு முடிந்த பிறகு 137 பேர் கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தது பேச்சானது. தடை நீங்கியது. 2012 பிப்ரவரியில் ஐரோப்பிய மருந்து முகமையும் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. பார்ட் ஆய்வில் அது கண்ட குறைகளில் முக்கியமானவை, ஹெப்பாரின் பயன்பாடு பிரிவுக்குப் பிரிவு சமமாக இல்லாததும், அதைக் கண்காணித்த முறை பொருந்தாததும். மறுபடி அதே குழாய்! 1993-ல் கேட்ட கேள்வி. 19 மையங்கள், பல்லாண்டு உழைப்பு, 2,331 நோயாளிகள். கடைசியில், அப்ரோட்டினின் பிரிவில் இறந்தவர்கள் மருந்தால் இறந்தார்களா, எண்ணை நம்பி ஹெப்பாரின் குறைந்ததால் இறந்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஒரு பக்கம் சாய வேண்டும் என்றால், இப்படிச் சாய்வேன்: ஏசிடியைக் கெடுத்துவிடும் மருந்து என்பதும் அந்த மருந்தின் தீங்குதான். கயோலின் குழாயோடு, ஹெப்பாரின் அளவைத் தனியே அளக்கும் கருவியோடு, பழகிய கைகளில் அது பாதுகாப்பாக இருக்கலாம். ஸ்டோரில் எந்தப் பெட்டி வந்தது என்று தெரியாத தியேட்டர்களுக்கும் சேர்த்துத்தான் மருந்தை எடைபோட வேண்டும். ஐரோப்பாவில் தடை நீங்கியபோது அதற்குக் கிடைத்த இடம் குறுகியது: ரத்தம் மிகுதியாக இழக்கக்கூடியவர்களுக்கு, வேறு இதய அறுவை எதுவும் சேராமல் செய்யும் பைபாஸ் அறுவை, அதுவும் ஒரு பதிவேட்டில் ஏற்றிய பிறகு. பதிவேட்டில் ஒப்பீட்டுக் குழு கிடையாது. பழைய சண்டையை அது தீர்க்காது.

அலமாரியின் அதே தட்டு

அப்ரோட்டினின் இருந்த இடத்தில் உட்கார்ந்த ட்ரனெக்ஸாமிக் அமிலம், ஜப்பானில் ஒகாமோட்டோ தம்பதி 1962-ல் அறிவித்த பொருள். விலை மலிவு, மாட்டுப் புரதம் இல்லை, ஏசிடியைக் கெடுக்காது. பழைய பாடம் உறைத்ததாலோ என்னவோ, இதற்கு நேரத்தோடு பெரிய ஆய்வு வந்தது. 2017-ல் மைல்ஸ் குழு வெளியிட்ட அட்டகாஸ் ஆய்வில் 4,631 பேர். முதன்மை அளவீடு இந்த முறை பாட்டில் அல்ல. 30 நாளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் முதலிய உறைவுச் சிக்கல்கள். அவை கூடவில்லை. ரத்தக்கசிவுக்காக மறுபடி திறக்க நேர்ந்தது 2.8 சதவீதத்திலிருந்து 1.4 ஆயிற்று. வலிப்பு மட்டும் 0.1-லிருந்து 0.7 சதவீதமாக ஏறியது. கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்று ஆரம்பித்தவர்கள் வழியிலேயே அதை 50 ஆகக் குறைத்தார்கள்.

அளவு பற்றிய கேள்விக்கு 2022-ல் சீனாவின் ஆப்டிமல் ஆய்வு, 3,079 பேரோடு வந்தது. அதிக அளவு பெற்றவர்களில் ரத்தம் ஏற்ற நேர்ந்தது 21.8 சதவீதம், குறைந்த அளவில் 26.0. வலிப்பு 1.0-க்கு 0.4.

அந்த 1.0 சதவீதத்தில் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், அந்த ஆய்வில் அல்ல, எங்கள் ஐசியுவில். வால்வு மாற்றிய அன்றிரவு, மயக்கம் தெளிகிற நேரம். முதலில் இடது உதடு துடித்தது. குளிரில் நடுங்குகிறார் என்று நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு கை. பிறகு உடம்பு முழுக்க. லொராசிபாம் போட்டு அடக்கி, சிடி ஸ்கேனுக்கு ஓடினோம். மூளையில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து மயக்கக் குறிப்புத்தாளைப் பிரித்தேன். தொடக்க அளவும் மணிக்கணக்கு அளவும் எங்கள் வழக்கப்படிதான் இருந்தன. கிரியாட்டினின் 2.1. இந்த மருந்து ஏறத்தாழ முழுவதும் சிறுநீரில்தான் போக வேண்டும், போகவில்லை. மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் கிளைசின் ஏற்பிகளை அது அடைத்துவிட்டது. குறிப்புத்தாளின் ஓரத்தில் அறுவை மருத்துவர் கைப்பட எழுதியிருந்தார்: 'நெஞ்சு மிகவும் உலர்வு. நன்றி.'

அவர் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் தாளில் ட்ரனெக்ஸாமிக் வரிக்கு எதிரே கிரியாட்டினின் எழுத ஒரு கட்டம் போட்டோம். அதை நிரப்பாமல் பம்ப் மருந்தை யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.